கோடு போட்ட முட்டை

முட்டையைச் சட்டைப் பையில் போட்டது முதல் தப்பு. போட்டதை மறந்துவிட்டு, கூண்டுக் கதவைச் சாத்தக் குனிந்தது இரண்டாவது தப்பு. 'டொப்' என்று ஒரு சத்தம். சலவைக்கடைக்காரர் குனிந்த வாக்கிலேயே நின்றுவிட்டார். நெஞ்சில் என்னவோ கொழகொழவென்று இறங்கியது. அப்புறம் நாற்றம் வந்தது.

வந்ததா, அடேயப்பா! சாக்கடை அடைத்துக்கொண்ட நாற்றம் அவருக்குத் தெரியும். பத்து நாள் ஊறிய காலுறையும் தெரியும். இது அவற்றையெல்லாம் உட்காரவைத்துப் பாடம் நடத்துகிற நாற்றம். பச்சையும் சாம்பலுமாகத் தொப்புள்வரை வழிந்தது. காலையில் குடித்த காபி தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

முப்பது வருஷமாக ஊரார் அழுக்கை வெளுத்தவர். மை, மருந்து, ரத்தம், எந்தக் கறைக்கும் அசராதவர். ஆனால் மனைவி கொல்லைப்புறத்தில் வளர்க்கும் ஐந்து கோழிகள் என்றால் மட்டும் அவருக்குக் குடலைப் புரட்டும். கடையில் வாங்கினால் முட்டை குளித்துவிட்டு வந்ததுபோல அட்டையில் உட்கார்ந்திருக்கும். எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டியதில்லை. கொல்லையில் அந்த வசதி கிடையாது. எச்சம் அப்பி, ஒரு சிறகும் ஒட்டி, வந்த இடத்தின் சூடு ஆறாமல் கையில் உட்காரும். எடுப்பதற்குள் கோழிப்பேன் ஒன்று மணிக்கட்டில் ஏறி நலம் விசாரிக்கும்.

போன வாரம் ஆம்லெட் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "இந்த வீட்ல ஒண்ணு கோழி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று வசனம் பேசினார். மனைவி கொஞ்சம் யோசித்தாள்.

"ரெண்டு பேருமே இருங்க" என்று சொல்லிவிட்டுத் தன் அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அன்றிலிருந்து தினமும் போன் செய்கிறார். இன்றும், சட்டையை வாளியில் அமுக்கிவிட்டு, வெற்றுடம்போடு செய்தார்.

"எப்ப வர்றே?"

"செவலைக் கோழி முட்டை வச்சுதா?"

"வச்சுது. எப்ப வர்றேன்னு கேட்டேன்."

"தண்ணி மாத்துனீங்களா? அப்புறம், கோடு போட்ட முட்டையை மட்டும் எடுத்துடாதீங்க. மூணு மாசமா அங்கயே கிடக்கு. அதைப் பாத்துத்தான் செவலை அங்க வந்து உக்காரும். இல்லேன்னா எடத்தை மாத்திடும்."

அவர் வாளியைப் பார்த்தார். கடையில் கறுப்புப் பென்சிலால் கோடு போட்ட துணி என்றால் அவசரம், முதலில் எடு என்று அர்த்தம். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவளே இவள்தான். அதே பென்சில், அதே கோடு. பதறியடித்துக்கொண்டு அதைத்தான் முதலில் எடுத்திருந்தார்.

"நான் எதுக்கு அதைத் தொடப்போறேன்?" என்றார்.

மறுநாள் செவலையின் கூடு காலி. அதற்கு மறுநாளும் காலி. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் படுத்துக் கையை விட்டார். விரலிடுக்கு வழியாக ஈரமாக ஏதோ பிதுங்கியது. முட்டை இல்லை என்பது தொட்டதுமே தெரிந்தது. மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனின் தலை முளைத்தது.

"என்ன அண்ணே, எதையாச்சும் தொலைச்சுட்டீங்களா?"

"முட்டை தேடறேன்."

"நீங்களா! ஆம்லெட் வாடைக்கே மூக்கைப் பொத்துற ஆளு! ஆமா, அண்ணி எப்ப வர்றாங்க?"

"வருவா, வருவா."

"அதையேதான் ஒரு வாரமா சொல்றீங்க" என்று தலை இறங்கிக்கொண்டது.

கை கழுவப் பின்னறைக்குப் போனவர் வாசலிலேயே நின்றார். அவருடைய சொந்த வெள்ளைச் சட்டைகளை இஸ்திரி போட்டு அடுக்கிய கூடை. அதன் உச்சியில் செவலை. ரசீதை நீட்டிவிட்டுக் காத்திருக்கும் வாடிக்கையாளரைப்போல ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தது. வயிற்றுக்கடியில் இரண்டு முட்டைகள். சுற்றிலும் காலர் காலராக எச்சம்: பச்சை, வெள்ளை, பழுப்பு. முப்பது வருஷ அனுபவம் ஒரே பார்வையில் சொல்லிவிட்டது: போகாது.

விரட்டக் கையை ஓங்கினார். இது கோபித்துக்கொண்டு இன்னும் எங்கேயாவது போய்விட்டால்? வீட்டைவிட்டுப் போனது ஒருத்தி போதாதா? ஓங்கிய கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டார். மறுகையின் இரண்டு விரலால் ஒரு முட்டையை வெளியே எடுத்தார். செவலை அவர் கட்டைவிரலில் ஒரு கொத்துக் கொத்தியது. மிச்சமிருந்த முட்டையில் கறுப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டு, போனை எடுத்தார்.

"ஒண்ணு சொல்லணும். கோடு போட்ட முட்டையை நாந்தான் எடுத்தேன். பையில வச்சு ஒடச்சுட்டேன்."

"அதை எதுக்குங்க எடுத்தீங்க?"

"கோடு இருந்துச்சு. அவசரம்னு நெனச்சேன்."

அந்தப் பக்கம் விக்கல்போல ஒரு சத்தம். அழுகிறாளோ என்று பயந்துபோனார். "என்னடி, ஏண்டி இப்படிச் சிரிக்கிறே?" என்று அக்காவின் குரல் கேட்டது.

"செவலை எங்க?"

"என் சட்டைக் கூடையில."

சிரிப்பு நின்றது. "வெரட்டிட்டீங்களா?"

"இல்ல. ஒரு முட்டையை விட்டு, கோடு போட்டு வச்சிருக்கேன்."

அடுத்து தண்ணீரைப் பற்றித்தான் கேட்பாள் என்று நினைத்தார். இருந்தாலும் கேட்டார்.

"எப்ப வர்றே?"

"நாளைக்குக் காலைல, முதல் பஸ்ல."