மேற்படி

வேலையிடத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: மேற்படியார். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். நான் முதுகைத் திருப்பியதும் சொல்வார்கள். அதற்காக நான் வருத்தப்பட்டதே இல்லை. சொல்லப்போனால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

நான் குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளர். மீன், இறைச்சி, பட்டாணி என்று பதினோரு அறைகள், அறைக்கு ஒரு பதிவேடு. மணிக்கொரு தடவை கதவருகே போய்ப் பார்த்து, மைனஸ் பதினெட்டா பதினேழா என்று எழுதவேண்டும். சோம்பேறிகள் முதல் வரியில் ஓர் எண்ணை எழுதிவிட்டு, கீழே வரிசையாக 'மேற்படி, மேற்படி' என்று இழுத்துவிட்டுக் குறட்டை விடுவார்கள். ஒருமுறை அப்படி ஏழு மேற்படிகளுக்கு அடியில் இயந்திரம் நின்றுபோய், ஓர் அறைப் பட்டாணி கஞ்சியாகிவிட்டது. அன்றிலிருந்து அந்த வார்த்தைக்கும் எனக்கும் ஆகாது. "மேற்படின்னா என்ன அர்த்தம் தெரியுமா? நான் போய்ப் பாக்கலன்னு அர்த்தம்!" என்று கத்திக்கொண்டு எத்தனையோ பக்கங்களைக் கிழித்திருக்கிறேன். வீட்டில் சாப்பிடும்போதும் இதே புராணம்தான். என் மனைவிக்கு அது மனப்பாடம்.

இப்படிப்பட்டவனுக்குப் பெண் பிறந்தாள்.

முதல் மூன்று வாரம் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. காலை ஐந்தரைக்கு வேலைக்கு வண்டி வந்துவிடும். கிடங்கில் அறைக் கதவில் சாய்ந்தபடி நின்றுகொண்டே தூங்கினேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, இவளுக்குத் தூங்கும் பழக்கத்தை இப்போதே கொண்டுவந்தாகவேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்தேன். கிடங்கிலிருந்து ஒரு பழைய பதிவேட்டை எடுத்து வந்து கோடு போட்டேன். நேரம், நிலை, அழுகை, குறிப்பு. இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை பால் கிடையாது, தூக்குவதும் கிடையாது.

"மூணு வாரக் குழந்தைங்க. வயிறே ஒரு எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும்" என்றாள் மனைவி.

"அழுதா அழட்டும். ஆறு நாள்ல பழகிடும். நீ தூக்கித் தூக்கித்தான் அவளக் கெடுக்கற."

இப்படித் தீர்ப்புச் சொல்லிவிட்டு, முன்னறையில் பாயை விரித்து, கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவன் நான். இதை இப்போது எழுதும்போதே காது சுடுகிறது.

முதல் இரண்டு நாள் மனைவி ஒழுங்காகத்தான் எழுதினாள். '1.20 அழுதாள். தூக்கினேன்.' '3.45 அழுதாள். பால் கொடுத்தேன்.' நான் சிவப்பு மையால் வட்டமிட்டேன். அதோடு விடாமல் இரண்டு நாள் அவளிடம் பேசவும் இல்லை. மூன்றாம் நாள் பக்கத்தில், '11.00 தூங்குகிறாள். அழுகை இல்லை' என்று இருந்தது. அதற்குக் கீழே ஐந்து மணி வரை மேற்படி, மேற்படி, மேற்படி. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

அடுத்தவன் பதிவேட்டில் அதைப் பார்த்திருந்தால் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பேன். என் வீட்டில் பார்த்தபோது தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம் என் வாய் சும்மா இருக்குமா? தேநீர் இடைவேளையில் எல்லாருக்கும் உபதேசம். என்னிடம் வசமாக மாட்டியவர், கிடங்கில் சரக்கை ஏற்றி இறக்கும் தூக்குவண்டி ஓட்டுபவர். ஒல்லியான மனிதர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். மேலிடத்து ஆள் சொன்னால் அது வேதம் என்று நம்புகிற குணம். அவருக்குப் பையன் பிறந்து பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது. பத்திலிருந்து ஐந்து வரை பால் கிடையாது என்ற விதியோடு என் பதிவேட்டு அட்டவணையை நகலெடுத்துக் கொடுத்தேன்.

"என் வீட்டுல பாருங்க. ஒரு அழுகை உண்டா? பழக்கம்தான் எல்லாம்."

"எங்க வீட்டுல ரொம்ப எளகின மனசு சார். அழுதா தாங்கமாட்டா."

"நீங்க கண்டிப்பா இருந்தா அவங்களும் இருப்பாங்க."

ஆறாம் நாள் அவர் ஓடி வந்தார். "சார், பையன் இப்பல்லாம் அழறதே இல்ல!" என்று எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். இரண்டு பிஸ்கட்டும் தின்றேன்.

அடுத்த வாரம் அவர் வேலைக்கு வரவில்லை. குழந்தைக்கு எடை ஏறவே இல்லையாம், மருத்துவமனையில் வைத்திருக்கிறார்களாம் என்று வாயிற்காவலர் சொன்னார்.  எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் பொரிந்தேன்.

"தூக்குவண்டிக்காரர் பையன ஆஸ்பத்திரில சேத்துட்டாங்களாம். அவங்களுக்குச் செய்யத் தெரியல. முறையாச் செஞ்சிருந்தா ஏன் இப்படி ஆகுது? நம்ம பொண்ணு கொழுகொழுன்னு இல்ல? அதே அட்டவணைதானே?"

அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அந்த அட்டவணைய அவங்களுக்குக் குடுத்தீங்களா?"

"குடுத்தா என்ன?"

அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நான் ஒரு ராத்திரிகூட இவளப் பட்டினி போடல. லேசா முனகினாலே தூக்கிடுவேன். உங்களுக்குக் கேட்கக்கூடாதுன்னு குளியலறைக் கதவச் சாத்திக்கிட்டு, வாளியக் கவுத்துப்போட்டு உக்காந்து பால் குடுப்பேன். ராத்திரிக்கு மூணு தடவ, சில நாள் நாலு."

"அப்ப எழுதினது?"

"மேற்படின்னுதானே எழுதினேன்? அப்படின்னா போய்ப் பாக்கலன்னு அர்த்தம்னு தினம் சாப்பிடும்போது சொல்வீங்களே. ஒருநாளாவது கண்டுபிடிப்பீங்கன்னு நெனச்சேன். கையெழுத்துப் போட்டுக்கிட்டே இருந்தீங்க."

 பதினோரு அறைகளில் எவன் போய்ப் பார்த்தான், எவன் பார்க்கவில்லை என்று மோப்பம் பிடிக்கிறவன், சொந்த வீட்டில் ஒரே ஓர் அறையின் கதவைத் திறந்து பார்க்கவில்லை. திறந்திருந்தால் காலியான கட்டில் தெரிந்திருக்கும்.

"போய் அவங்ககிட்ட சொல்லுங்க. இப்பவே" என்றாள். "இல்லன்னா பழி அவர் பொண்டாட்டி தலையிலதான் விடியும்."

மருத்துவமனையில் பார்வை நேரம் முடிய அரைமணி இருந்தது. குழந்தைகள் பிரிவில் ஓரமாக ஒரு கட்டில். தூக்குவண்டிக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் மனைவி பையனை மடியில் வைத்திருந்தாள். சின்னப் பெண். கண்ணைச் சுற்றிக் கருவளையம். பையனின் கால்கள் என் விரல் தடிமன்தான் இருந்தன. தலையணைப் பக்கத்தில் என் அட்டவணை மடித்துக் கிடந்தது, செவிலியிடம் காட்டியிருக்கிறார்கள்.

அந்தச் செவிலி வந்து பால் குடிக்கிறானா என்று பார்த்தார். நானும் உறவு என்று நினைத்துக்கொண்டு பொதுவாகப் பேசினார்.

"யாரோ மகானுபாவன் கோடு போட்டுக் குடுத்திருக்காரு. அழறத நிறுத்திட்டான்னு சந்தோஷப்பட்டாங்களாம். பழகல அவன். அழறதுக்குத் தெம்பில்ல. இந்த வயசுல தூக்கத்துக்குப் பழக்கறதுன்னா, பகல்ல வெளிச்சமா வைங்க, பேசுங்க. ராத்திரி வெளக்கக் கொறச்சு, பேச்சில்லாம பால் குடுத்து மல்லாக்கப் படுக்க வைங்க. அவ்வளவுதான். பசிக்கெல்லாம் அட்டவணை கெடையாது." என்னைப் பார்த்து, "நல்லவேளை, இப்பவாவது கொண்டுவந்தாங்க. ரெண்டு நாளா எடை ஏறுது" என்றார்.

மகானுபாவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

செவிலி போனதும் தூக்குவண்டிக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க எதுக்கு சார் இவ்வளவு தூரம்? அட்டவணையில ஒண்ணும் தப்பில்ல சார். இவதான் பகல்ல சரியா பால் குடுத்திருக்கமாட்டா. உங்க வீட்டுல முடியுது, இவளால முடியலயேன்னு தினம் திட்டிக்கிட்டிருக்கேன்."

அந்தப் பெண் தலையை நிமிர்த்தவில்லை. திட்டு வாங்கி வாங்கி, தப்பு தன்னுடையதே என்று எடுத்துக்கொண்டவளைப் போல இருந்தாள்.

இந்த இடத்தில் நான் செய்ததைத்தான் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. வழியெல்லாம் 'தப்பு என்னுதுதான்' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வாயைத் திறந்ததும் வந்தது வேறு.

"அந்த அட்டவணையே பொய்ங்க. என் வீட்டுக்காரி பொய் எழுதிட்டா. ராத்திரியெல்லாம் எனக்குத் தெரியாம பால் குடுத்துட்டு, தூங்கறான்னு எழுதியிருக்கா. நானும் நம்பிட்டேன்."

தூக்குவண்டிக்காரர் என் கையை விட்டார். அந்தப் பெண் முதல்முறையாக என்னைப் பார்த்தாள்.

"எங்க வச்சு குடுத்தாங்க?"

"என்னது?"

"உங்களுக்குத் தெரியாம. எங்க உக்காந்து குடுத்தாங்க?"

"குளியலறைல" என்றேன். "வாளியக் கவுத்துப்போட்டு."

அவள் பையனை இன்னும் கொஞ்சம் மார்போடு அணைத்துக்கொண்டாள். "எனக்கு அந்தத் தைரியம் வரல சார்" என்றாள். "இவர் கதவுக்கிட்டயே உக்காந்திருப்பாரு. உங்க பேரச் சொல்லிக்கிட்டு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்போதுதான் ஒழுங்காகச் சொன்னேன். அவளிடம்தான் சொன்னேன், அவரிடம் இல்லை. "தப்பு உங்களுதும் இல்ல, என் வீட்டுக்காரியோடதும் இல்லம்மா. நான்தான். ஒரு ராத்திரிகூட எழுந்து பாக்காதவன் உங்க வீட்டுக்குச் சட்டம் போட்டேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் எனக்கு வாயில்ல."

 அவள் பையன் வாயிலிருந்து வழிந்த பாலைத் துடைத்தாள். தூக்குவண்டிக்காரர் அவள் பக்கம் திரும்பி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் அந்த அட்டவணையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். தப்பென்று தெரிந்தும் ஒரு பக்கத்தை நான் கிழிக்காமல் வெளியே கொண்டுவந்தது அதுதான் முதல் தடவை.

வீட்டில் மனைவி விழித்திருந்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. முன்னறையிலிருந்து என் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் அவர்கள் கட்டிலுக்குக் கீழே போட்டேன். குளியலறையில் அந்த வாளி இன்னும் கவிழ்ந்தே கிடந்தது. என் நாற்காலியைத் தூக்கி வந்து கட்டில் அருகே வைத்தேன்.

"குழந்தை எப்படி இருக்கு?"

"தேறிடும்னு சொன்னாங்க. ரெண்டு நாளா எடை ஏறுது."

"அந்தப் பொண்ணு?"

நாற்காலியை இன்னும் கொஞ்சம் கட்டிலுக்கு நெருக்கினேன்.

"சொல்லிட்டீங்களா? முழுசா?"

"சொல்லிட்டேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு இன்னொரு பொய்க்குக் கையெழுத்துப் போட எனக்குத் தெம்பில்லை. "ஆனா வாயத் தெறந்ததும் மொதல்ல பழிய உன் மேலதான் போட்டேன்."

அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதிவேட்டை எடுத்து, அன்றைய பக்கத்தைப் பிரித்து, பேனாவோடு என்னிடம் நீட்டினாள்.

"இன்னையிலேர்ந்து நீங்களே எழுதுங்க. மொதல் வரியில, பழிய எம்மேல போட்டத எழுதுங்க. அதுக்குக் கீழ உங்களுக்கு ரொம்ப எழுத வேண்டியிருக்காது" என்றாள். "மேற்படின்னு போட்டாப் போதும்."