கைப்பேசியில் ஓடும் மோட்டார்

கிணறு ஒன்று, பங்கு இரண்டு. ஒரு பங்கு முருகவேலுக்கு, மற்றது இறந்துபோன அவன் அண்ணனின் மனைவி உண்ணாமலைக்கு. ஆளுக்கொரு மோட்டார். ஒரு நாள் அவன் முறை, மறுநாள் அவள் முறை. கிணற்றுக்குள் பாதி ஆழத்துக்கும் கீழே ஒரு பாறை நீட்டிக்கொண்டிருக்கும். இறைக்க இறைக்க அது தலைகாட்டியதும், யார் முறையானாலும் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். அடியில் மிஞ்சுவதும் இரவில் ஊறுவதும் அடுத்தவருக்கு. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. யாரும் மீறியதும் இல்லை.

முருகவேலுக்கு வேங்கிக்காலில் அரசு அலுவலக வேலை. வீடும் அங்கேயே. நிலம் கீழ்பென்னாத்தூர் பக்கம். மும்முனை மின்சாரம் எந்நேரம் வரும் என்று சொல்ல முடியாது. பௌர்ணமியானால் கிரிவலக் கூட்டத்துக்காகப் பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அன்று அவன் முறை என்றால் நெல் காய வேண்டியதுதான். அதனால் தை மாதம் கைப்பேசியில் இயக்கும் ஸ்டார்ட்டர் ஒன்றை வாங்கி மாட்டினான். இருந்த இடத்திலிருந்தே மோட்டாரை ஓட்டலாம். தண்ணீர் ஏறாவிட்டால் அது தானே நிற்கும்; சற்று ஓய்ந்து, மறுபடி தானே ஓடும்.

கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதில் அவனுக்குக் கமுக்கமான ஒரு நிறைவு இருந்தது. அவள் நாளில் ஒருமுறைகூட அவன் மோட்டாரைப் போட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பயிரைப் பார்ப்பான். கிணற்றை எட்டிப் பார்க்கும் வேலைதான் இல்லாமல் போயிற்று.

மாசி கடைசியில், ஆழ்துளைக் கிணறு போடும் லாரிகளுக்கு வேலை பிடித்துத் தரும் கோபி அலுவலகத்துக்கே போன் செய்தான்.

"சார், நாளைக்கு உங்க அண்ணி கொல்லையில போர் போடறோம். வண்டி உங்க வரப்பு மேலதான் ஏறணும். ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு."

பிறகு சொல்வதாக முருகவேல் போனை வைத்தான். கிணற்றை ஒட்டி போர் இறங்கினால் ஊற்று அதற்குள் போய்விடும். அடுத்த ஊரில் அப்படி வற்றிய கிணறு ஒன்று இப்போது குப்பை கொட்டும் பள்ளமாகக் கிடக்கிறது. அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

உண்ணாமலையின் மல்லாட்டை காய் பிடிக்கும் பருவத்தில் இருந்தது. கடலைச் செடிகள் தண்ணீரில்லாமல் இலையை மடித்துக்கொண்டு கிடந்தன. அவள் எப்போதும்போல வரவேற்று, குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். போரைப் பற்றி அவன் கேட்டதும் கிணற்றை நோக்கி நடந்தாள். அவனும் பின்னால் போனான்.

பாறை வெளுத்துக் காய்ந்திருந்தது. அதற்கு எவ்வளவோ கீழே, சேற்றின் நடுவில் ஒரு குட்டை.

"பாறைக்குக் கீழ எறங்கக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா தம்பி?"

முருகவேலுக்கு அப்போதுதான் உறைத்தது. முறை நாளை அவன் காப்பாற்றினான். பாறையை மறந்துவிட்டான். அவனுடைய ஒவ்வொரு நாளிலும் மோட்டார் நின்று நின்று ஓடி, ஊறியதையெல்லாம் அடிவரை உறிஞ்சியிருக்கிறது.

"மோட்டாருக்குப் பாறை தெரியாது அண்ணி. எனக்கும் தோணல. நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"யார்கிட்ட சொல்றது? முன்னெல்லாம் மோட்டார் போட வருவீங்க, மூஞ்சியப் பாத்து சொல்லலாம். இப்ப அது தனியா ஓடுது. அதுகிட்டயா சொல்றது?" குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "தெரிஞ்சுதான் செய்றீங்கன்னு நெனச்சேன். ஆம்பள இல்லாத வீடுதானேன்னு."

அவன் கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவளுடைய கைப்பேசியைக் கேட்டு வாங்கி, அந்த எண்ணையும் ஸ்டார்ட்டரில் பதிந்தான். பாறை தெரிந்தால் அவளே நிறுத்தலாம் என்று சொல்லி, எப்படி என்று காட்டினான்.

"உங்க முறையிலயா?"

"என் முறையிலதான்."

அவள் லேசாகச் சிரித்தாள். "அப்போ உங்க மோட்டாருக்கு நான்தான் சூப்பர்வைசரா? சம்பளம் கம்மியா இருந்தா வரமாட்டேன்." ஆனால் லாரியை வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. இந்த வெள்ளாமை எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்வதாகக் கோபிக்குத் தகவல் அனுப்பினாள்.

பங்குனி வெயிலில் நெல் பால் பிடித்தது. அவனுடைய முறை நாள் ஒன்றில், பதினோரு மணிக்கெல்லாம் மோட்டார் நின்றுவிட்டதாகச் செய்தி வந்தது. நிறுத்தியது அவளுடைய எண். கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போயிருக்காது. பாறை நிஜமாகவே தெரிந்ததா? அலுவலகத்திலிருந்து எப்படித் தெரியும்? அவள் நிறுத்திய பிறகும் அவன் ஓட்டலாம், ஸ்டார்ட்டர் தடுக்காது. விரல் திரைக்கு மேலேயே நின்றது. கடைசியில் அவளை அழைத்தான்.

"பாறை தெரிஞ்சுதா அண்ணி?"

"தெரிஞ்சுது. நம்பிக்கை இல்லன்னா வந்து பாருங்க." குரலில் கோபம் இல்லை.

அவளும் வைக்கவில்லை, அவனும் வைக்கவில்லை.

"உங்க கடைசிப் பாத்தி வெடிச்சிருக்கு தம்பி," என்றாள் பிறகு.

"சரி அண்ணி. நின்னது நின்னதாவே இருக்கட்டும்."

அந்தப் பாத்தியில் பாதிக்கு மேல் பதராகிப் போனது. அந்த வருடம் லாரி வரவில்லை.