ஏழு மாத ஒன்பதுகள்

சுப்பராயலு கடிதம் எழுதினால் வலது மூலையில் ஊர், அதற்குக் கீழே தேதி, அப்புறம்தான் விஷயம். பாட்டுக்கு மார்க் போடுவதும் அப்படித்தான். பாட்டு, மார்க், காரணம் என்று மூன்று கட்டம். பத்துக்கு எவ்வளவு என்பதை விட ஏன் என்பதுதான் முக்கியம்.

வானொலி நேயர் விருப்பத்தில் பெயர் கேட்டு, விலாசம் தேடிப் பிடித்துச் சேர்ந்தவர்கள் ஐந்து பேர். மாதம் பிறந்தால், மற்றவர் சொன்ன பாட்டுகளுக்கு மார்க் போட்டு ஆளுக்கொரு அஞ்சலட்டை. அப்புறம் ஒருவர் துபாய்க்குப் போனார். ஒருத்திக்குக் கல்யாணம் ஆயிற்று. இன்னொருவர் டிவி வாங்கியதும் பாட்டு கேட்பதையே விட்டுவிட்டார். 1988 பொங்கலுக்கு அவனைத் தவிர மிஞ்சியது தபீதாள் ஒருத்திதான், காட்டாங்குளத்தூரில் டைப்பிஸ்ட்.

தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் எட்மண்டின் ரெக்கார்டிங் சென்டர். மாதம் ஒரு சனிக்கிழமை, தனக்குப் பிடித்த பாட்டுகளைப் பதிய வைத்து, அவனுக்காக அவள் கேசட்டை அங்கே விட்டுப் போவாள். திங்கட்கிழமை கம்பெனி விட்டு ரயில் இறங்கி அவன் எடுத்துக்கொள்வான். இருவரும் நேரில் பார்த்ததில்லை. முடிச்சூரில் வயலை ஒட்டிய வீட்டின் பின்போர்ஷனில், டேப்ரிக்கார்டரைப் போட்டால்தான் அவனுக்கு மனிதக் குரல்.

இவளும் நின்றுபோனால்? அந்தப் பயத்தில்தான் பிப்ரவரியில் ஐந்து போட வேண்டிய பாட்டுக்கு ஒன்பது போட்டான். அதன் பிறகு பேனா தானாகவே ஒன்பதுக்குப் போயிற்று. காரணக் கட்டத்தில் 'அருமை'. ஜூனில், தனக்கு உயிரான பாட்டு ஒன்றை அவளுக்கு அனுப்பினான். அவளும் எட்டு போட்டாள்.

ஆகஸ்டில் வந்த கேசட்டில் ஒரு பாட்டு இழுத்துக்கொண்டு ஓடியது. பாடகியின் குரல் சளி பிடித்த மாதிரி தடித்திருந்தது. மெஷின் கோளாறு என்று முதல் அடியிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால் மனம் நோகுமே. ஒன்பது. அருமை.

செப்டம்பரில் அட்டை இல்லை. கேசட்டும் இல்லை.

"இன்னா சார், மூணாவது திங்கக்கிழமையா வந்து நிக்கிற. வந்தா நான் குடுக்க மாட்டனா? நானா வெச்சுக்கினு பூஜ பண்ணப் போறேன்?" என்றான் எட்மண்ட்.

"அவங்களுக்கு உடம்பு ஏதாவது..."

"நல்லாத்தான் கீது. நேத்து மார்க்கெட்டாண்ட பாத்தேன்." ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். "போன கேசட்டுல மெஷின் பெல்ட்டு லூஸாயி ஒரு பாட்டு இழுத்துக்குச்சு சார். வேற போட்டுத் தரேன்க்கான்னேன். வேணாம், அவரு இன்னா சொல்றாருன்னு பாக்கணும்னு அப்பிடியே வெச்சுட்டுப் போச்சு. நீ எவ்ளோ போட்ட?"

"ஒன்பது" என்றான் சுப்பராயலு, ஸ்டேஷனில் நின்ற ரயிலைப் பார்த்தபடி.

"ஒம்போதா? அட போ சார்! கழுத கத்துனாலும் ஒம்போது போடுவ போல."

கம்பெனி டெஸ்பாட்ச்சில் பழகிய பழக்கம், எழுதிய ஒவ்வொரு அட்டைக்கும் அவனிடம் நகல் இருந்தது. எண்ணினான். முப்பத்தொரு ஒன்பது. ஒரு வாரம் அத்தனை பாட்டையும் மறுபடி கேட்டான். இன்லேண்ட் லெட்டரில் கோடு போட்டு உண்மையான மார்க்கை எழுதினான். ஐந்து. ஏழு. நான்கு. நிஜமாகவே ஒன்பது இரண்டு பாட்டுக்குத்தான். கடைசி வரிசை, இழுத்த பாட்டு: இரண்டு. காரணம்: பெல்ட் கோளாறு, முதலிலேயே தெரியும். அதன் கீழே கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. 'ஒன்பது போட்ட காரணம்: நீங்களும் எழுதாமல் போய்விடுவீர்களோ என்று' என எழுதி, திரும்பப் படிக்காமல் ஒட்டினான்.

பதினெட்டு நாள் கழித்து அட்டை வந்தது. வணக்கம் இல்லை, நலமா இல்லை.

'ஜூன் பாட்டு. எட்டு போட்டேன். அதுவும் பொய். நான்கு. காரணம்: இரண்டாம் சரணத்தில் வயலின், பாட்டை அமுக்கிவிடுகிறது.'

சுப்பராயலுவுக்குச் சுருக்கென்றது. செருப்பைக்கூடக் கழற்றாமல் கேசட்டைப் போட்டு, இரண்டாம் சரணத்துக்கு ஓட்டினான்.

"எங்க அமுக்குது? சரியா கேக்கவே இல்ல நீங்க" என்று சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்.

பிறகு ஒரு அட்டையை எடுத்து, வலது மூலையில் ஊர் எழுதினான்.