ஞாயிற்றுக்கிழமையின் நகல்

மேலாளர் தன் கையாலேயே தன் மெயில்களை அழித்துவிட்டு, பழியைக் கம்ப்யூட்டர் மேல் போட்டார். எந்த ஆபீஸிலும் நடப்பதுதான்.

"அது தானா போயிடுச்சும்மா. மதியம் கஸ்டமர் வராங்க, போன மாசம் அவங்களோட பேசின மெயில் எல்லாம் வேணும். பேக்கப்ல இருந்து எடுத்துப் போட்ருங்க."

அவளைக் கம்பெனியில் சர்வரக்கா என்பார்கள். மெயில் சர்வர்கள் இரண்டும் அவள் பொறுப்பு. ஒன்று மாடியில் இருக்கும் ஆபீஸுக்கு, மற்றது கீழே குடோன்காரர்களுக்கு. புதிதாகச் சேருகிறவர்கள், "ரெண்டு காபி" என்று ஒரு தடவையாவது கேலி செய்யாமல் விடுவதில்லை. முதல் தடவை அவளும் சிரிப்பாள். இரண்டாம் தடவை சொன்னவனுக்கு மெயில் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும்.

"எடுத்துத் தரேன் சார். ஆனா ஓடிட்டிருக்கிற சர்வர் மேல போட மாட்டேன். பேக்கப் எடுத்து மூணு வாரம் ஆச்சு, போட்டா இந்த மூணு வாரத்து மெயில் மொத்தமும் காலி. வேற மெஷின்ல எழுப்பி, உங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கலாம்."

"எதையோ பண்ணுங்க, சீக்கிரம் பண்ணுங்க."

அந்த வேறு மெஷின் ஸ்டோர் ரூமில், கால் உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே இருந்தது. மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எடுத்த பேக்கப்பை அதில் இறக்க ஆரம்பித்தாள். திரையில் பச்சைக் கோடு ஆடி அசைந்து நகர்ந்தது. பாதியில் இருக்கும்போது கணவர் போன் செய்தார். அவர் கீழே குடோனில் சரக்கு ஏற்றும் சூப்பர்வைசர்.

"அவன் மறுபடி கூப்பிட்டான். இன்னிக்குள்ள பதில் சொல்லணுமாம். இல்லன்னா வேற ஆளைப் போட்டுடுவானாம்."

அவன் என்பது அவருடைய பழைய சிநேகிதன். தன் கம்பெனியில் வேலைக்கு வா என்று ஒரு வாரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். இவருக்குப் போகத்தான் ஆசை. வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றவள் இவள்.

"ராத்திரி பேசி முடிச்சதுதானே? பொண்ணுக்குப் பரீட்சை வருது. நாம ரெண்டு பேரும் ஒரே எடத்துல நிம்மதியா இருக்கோம். வேண்டாம்னு சொல்லிடுங்க."

"சரி, இந்த லாரிய அனுப்பிட்டு சொல்லிடறேன்" என்றார். குரலில் உற்சாகமே இல்லை. அவளுக்கு அது புரிந்தது. புரிந்தும் விட்டுவிட்டாள்.

இப்படி வேறு இடத்தில் எழுப்பும் சர்வரில் ஒரு வில்லங்கம் உண்டு. தான் ஒரு நகல் என்பது அதற்குத் தெரியாது. எந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்தார்களோ, அந்த ஞாயிற்றுக்கிழமையிலேயேதான் கண் விழிக்கும். விழித்ததும் கடிகாரத்தைப் பார்க்கும். அனுப்ப வேண்டிய மெயில்களுக்கு நேரம் தாண்டிவிட்டது என்று பதறி, அத்தனையையும் வெளியே தள்ளப் பார்க்கும். அதனால் எழுப்புவதற்கு முன் நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிட வேண்டும். அவளும் பிடுங்கித்தான் வைத்திருந்தாள்.

சர்வர் எழுந்தது. 'அனுப்பக் காத்திருப்பவை: ஏழு' என்றது திரை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று மேலாளரின் பெட்டியைத் தேடப் போனாள். திரும்பிப் பார்த்தால் ஆறு.

வயர் இல்லாமல் எப்படிப் போகும்? மெஷினைத் திருப்பினாள். பின்னால் இன்னொரு துளை, அதில் இன்னொரு வயர். போன வாரம் ஏதோ சோதனைக்கென்று அவளே சொருகிவிட்டு மறந்தது. இழுத்த இழுப்பில் பக்கத்திலிருந்த நாற்காலி சாய்ந்தது.

ஆறு ஆறாகவே நின்றது. மெல்ல மூச்சு விட்டுப் பட்டியலைப் பார்த்தாள். அனுப்புகிறவர் மேலாளர். அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் காலை போகும்படி நேரம் குறித்து வைக்கப்பட்டவை. ஏழுக்கும் ஒரே தலைப்பு: பணி நீக்க அறிவிப்பு. ஏழு பேரும் குடோன் ஆட்கள். போய்ச் சேர்ந்துவிட்ட அந்த ஒன்றுக்கு நேரே அவள் கணவரின் பெயர் இருந்தது.

உடனே மேலாளருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"அதை நான் அப்பவே நிறுத்திட்டேனேம்மா" என்றார்.

"நிறுத்தினீங்களா சார், தள்ளி வெச்சீங்களா?"

"அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. உங்க பேர் அதுல இல்ல, பயப்படாதீங்க. மொதல்ல அவர் பெட்டியில இருந்து அதைத் தூக்கிடுங்க. நான் அங்க வரேன்."

தன் லேப்டாப்பில் குடோன் சர்வரைத் திறந்தாள். கணவரின் பெட்டியில் அது உச்சியில் இருந்தது, இன்னும் படிக்கப்படாமல் தடித்த எழுத்தில். அதற்குக் கீழேயும் படிக்காத மெயில்கள் மலையாய்க் கிடந்தன. மெயில் பார்ப்பதென்றால் மனிதருக்கு மருந்து குடிப்பதுபோல. ஒரு தட்டு தட்டினால் போதும், அது வந்ததே அவருக்குத் தெரியாது. இன்னும் ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்குவார். அந்த ஒரு மாதத்துக்காக அவள் விரல் துடித்தது, அது பொய் இல்லை. ஆனால் லாரி கிளம்பியதும் அவர் சிநேகிதனிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவார். அவள் சொல்லச் சொன்னதை அப்படியே சொல்லிவிடுவார்.

இந்த வேலையில் அவளுக்கென்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. போய்ச் சேர்ந்த மெயில் பெட்டிக்காரருடையது. அழிக்கச் சொல்லி இதற்கு முன்பும் பெரிய மனிதர்கள் வந்து நின்றிருக்கிறார்கள், அவள் மசிந்ததில்லை. விரலை எடுத்துவிட்டுக் கணவரைக் கூப்பிட்டாள்.

வேறு அழைப்பில் இருப்பதாகச் சொன்னது போன். மறுபடி போட்டாள், அதே பதில். படிக்கட்டில் மேலாளரின் செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. மூன்றாம் தடவை மணி அடித்தது.

"சொல்லு. அவன் யார்கூடவோ பேசிட்டிருக்கான் போல, லைனே கிடைக்கல. லாரி கிளம்பிடுச்சு, மறுபடி போடப் போறேன்."

"போடாதீங்க. மொதல்ல உங்க மெயிலைப் பாருங்க."

"மெயிலா? எனக்கு இங்க தலைக்கு மேல வேலை..."

"இப்பவே பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

மேலாளர் வாசலில் வந்து நின்றார். தூக்கியாச்சா என்று சைகையில் கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவர் கை கீபோர்டை நோக்கி நீண்டு, எந்தப் பட்டனை அழுத்துவதென்று தெரியாமல் பாதியிலேயே நின்றது.

போனில் தள்ளுவண்டி உருளும் சத்தம். யாரோ யாரையோ ஓரமாய்ப் போகச் சொல்லும் குரல்.

"இதுல மூணு வாரத்துக்கு முந்தின தேதி போட்டிருக்கு" என்றார் அவர்.

"ஆமாங்க."

"மெயில் எல்லாம் உன் கை வழியாத்தானே போகுது?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"ராத்திரி என்னைப் போக வேண்டாம்னு சொன்னப்போ, உனக்கு இது தெரியுமா?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் சும்மா, தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை நகல், மறந்துபோன வயர் என்று அவளிடம் விளக்கம் நிறைய இருந்தது. எல்லாம் சாக்குப்போக்காகத்தான் அவர் காதில் விழும் என்று பட்டது.

"தெரியாதுங்க" என்றாள். சொன்னபோது அவளுக்கே அது போதவில்லை. ஸ்பீக்கரைப் போட்டு, போனை மேலாளரின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "சார், நீங்க சொல்லுங்க. எனக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க."

அவர் அவளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். கம்பி நீட்ட வழியில்லை.

"அவங்களுக்குத் தெரியாதுப்பா" என்றார். "எனக்கு மட்டும்தான் தெரியும்."

"சரிங்க சார்" என்றது போன். "வெச்சிடறேன். நான் ஒருத்தனுக்கு வரேன்னு சொல்லணும்."

நம்பினாரா இல்லையா என்று அந்தக் குரலில் தெரியவில்லை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் குரலை வைத்து அவளால் எதையும் கண்டுபிடிக்க முடியாமல் போனது அதுதான் முதல் தடவை.