முகம் பொருந்தவில்லை

முதல் அடி விழுவதற்கு முன்னால் பாலுசாமி மன்னிப்புக் கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. எங்களுக்கும் வேற வழி தெரியலீங்க."

சொல்லிவிட்டுத் தன் ஆள் கண்ணையாவைப் பார்த்துத் தலையாட்டினார். தறியில் நூலோடு குறுக்கே ஓடும் நாடாவை அடித்துத் தள்ளும் மரக்கட்டையைக் கண்ணையா இரண்டு கைகளாலும் ஓங்கி நிஜாமின் முழங்காலில் இறக்கினான். நாற்காலியோடு கட்டிப் போட்டிருந்ததால் நிஜாமுக்குத் துடிக்கக்கூட இடமில்லை. அவன் போட்ட அலறல் அவன் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப்புறம் விசைத்தறிகள் பட்டப்பகலில் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. வெள்ளகோவிலைத் தாண்டி, தோட்டத்து நடுவில் இருக்கும் பாலுசாமியின் அந்தத் தறிக்கொட்டகையில் ஒருவனை வெட்டிப் போட்டாலும் சாலைக்குக் கேட்காது.

"மூஞ்சில மட்டும் கை படக்கூடாது கண்ணையா. கீழயே பாத்துக்க," என்றார் பாலுசாமி.

நம் கொங்குப் பக்கத்து மரியாதையை ஊரே புகழ்கிறது. புகழட்டும். அந்த மரியாதையோடு ஒருவரை எலும்பு நொறுங்க அடிக்கவும் முடியும் என்பது அன்றைக்கு நிஜாமுக்குத் தெரிந்தது. அடிக்கு ஒரு 'ங்க' விழுந்தது. "வலிக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு அதே இடத்தில் மறுபடியும் அடித்தார்கள்.

நிஜாமின் முகத்தைத் தொடாமல் விட்டதற்குக் காரணம் இரக்கம் இல்லை. அவர்களுக்கு வேண்டியதே அந்த முகம்தான்.

நிஜாம் கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றின் ஆன்லைன் படிப்புப் பிரிவில் வேலை பார்ப்பவன். ஏழை மாணவர்களுக்கான உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுப்பது அவன் பொறுப்பு. போன வருடம் யாரோ ஒப்புதல் கடவுச்சொல்லை விற்றுவிட்டார்கள். வகுப்பையே எட்டிப் பார்க்காத பேய் மாணவர்கள் பெயரில் தொகை முழுக்கப் போய்விட்டது. நிஜமாகப் படித்த பிள்ளைகள் பாதியில் நின்றார்கள். அந்த ஆத்திரத்தில் நிஜாம் மேலிடத்தில் சண்டை போட்டு, கடவுச்சொல்லைத் தூக்கிவிட்டு, ஒப்புதலுக்குத் தன் முகத்தையே பூட்டாக வைத்தான். போன் கேமரா முன்னால் தலையை இரண்டு பக்கமும் திருப்பி, கண்ணைச் சிமிட்டி, கடைசியில் சிரிக்க வேண்டும். போட்டோவைக் காட்டி ஏமாற்ற முடியாது. பிடித்து உட்காரவைத்தாலும் சிரிக்கவைக்க முடியாது. "நாளைக்கு உன்னையே தூக்கிட்டுப் போயிருவாங்கடா," என்று அலுவலகத்தில் கிண்டல் செய்தவன் ஆரிஃப்.

அந்த ஆரிஃப்தான் காலையில் தூக்கிக்கொண்டு வந்தான். கோட்டைமேட்டில் ஒரே தெரு, ஒரே கிரிக்கெட் மட்டை, ஒரே அலுவலகம். "ஒரு மாணவர் வீட்டை நேர்ல பாத்துட்டு வந்துடலாம் வாடா," என்று காரில் ஏற்றினான். இப்போது நூல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். போன வருடக் கடவுச்சொல்லை விற்றவன் யார் என்பது அந்த நிலையிலும் நிஜாமுக்குப் பளிச்சென்று விளங்கியது. நண்பன் என்ற சொல்லுக்கே அவமானம் அந்த ஜென்மம்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு கம்ப்யூட்டர்ல மூடிருவாங்களாம்ல," என்றார் பாலுசாமி. "நீங்க நிறுத்தி வெச்சிருக்கற பேரையெல்லாம் விட்டுருங்க. ஒரு சிரிப்புத்தானுங்க. சிரிச்சுப்போட்டு ஊடு போய்ச் சேருங்க."

"அத்தனையும் பேய்," என்றான் நிஜாம்.

"எல்லாத்துக்கும் மூஞ்சி இருக்குதுங்களே."

மூஞ்சி இருந்தது உண்மை. அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் சண்முகப்பிரியா என்ற தறிக்காரப் பெண். பி.காம். சேர விண்ணப்பித்திருந்தாள். அவள் முகத்தைச் சேர்க்கப் போனால், இந்த முகம் ஏற்கெனவே அவிநாசியைச் சேர்ந்த லோகப்பிரியா என்ற பெயரில் இருக்கிறது என்றது கணினி. நிஜாம் அவளை வீடியோவில் கூப்பிட்டான். அவள் கேமராவை அணைத்துவிட்டுப் பேசினாள்.

"கேமராவைப் போடும்மா. யாரோட பேசறேன்னு தெரியாம நான் பேச மாட்டேன்."

"வேலையில இருக்கறனுங்க சார். தலையெல்லாம் பஞ்சுங்க."

"பஞ்சு இருந்தா என்ன. உன் மூஞ்சிதானே வேணும்."

தலை நிறையப் பஞ்சோடு திரையில் வந்து எல்லாவற்றையும் சொன்னாள். டீ இடைவேளையில் கண்ணையா போனை நீட்டுவான். பி.எஃப்.புக்கு வேண்டும் என்பான். திரும்பு, சிமிட்டு, சிரி என்பான். சரியாக விழவில்லை என்றால் துப்பட்டாவை மாற்றிப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை சிரிக்கச் சொல்லுவான். தறிக்குத் தறி எல்லாப் பெண்களும் சிரித்திருக்கிறார்கள். அன்றைக்கே நிஜாம் அந்தப் பெயர்கள் அத்தனையையும் நிறுத்தினான். அவை உள்ளே போனால் சண்முகப்பிரியாவின் பெயர் வெளியே போகும். வைத்திருக்கும் தொகை அவ்வளவுதான்.

"யாரு சொன்னதுங்க உங்களுக்கு?" என்று கேட்டார் பாலுசாமி.

நிஜாம் வாயைத் திறக்கவில்லை. கண்ணையா அவன் வலது காலில் இருந்த செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தின் மேல் கட்டையை இறக்கினான். எலும்பு முறிந்தது நிஜாமுக்கு உடம்பு முழுக்கத் தெரிந்தது. அடுத்தது விலாவில். மூச்சை இழுத்தால் உள்ளே ஏதோ குத்தியது. அவன் அழுதான். அழுவதற்கு வெட்கப்படும் நிலையை அவன் எப்போதோ தாண்டியிருந்தான். ஆனால் சிரிக்கவில்லை.

பாலுசாமி பெருமூச்சு விட்டு, நிஜாமின் போனை எடுத்துப் பார்த்தார். வால்பேப்பரில் அவன் மனைவி ரம்ஷா இருந்தாள்.

"ஊட்டுக்காரம்மாங்களா? கரும்புக்கடை ஸ்கூல்ல டீச்சருன்னு ஆரிஃப் தம்பி சொன்னாரு. பொம்பளைங்கள இழுக்கறது எனக்குப் புடிக்காதுங்க. ஆனா நம்ம பசங்க ரெண்டு பேரு ஸ்கூல் கேட்டுலதான் நிக்கறாங்க. ஸ்கூல் விட்டதும் அம்மணி வெளிய வருவாங்க. பசங்களும் கூடவே போவாங்க. நீங்க எப்பச் சிரிக்கறீங்களோ அப்பத் திரும்பிருவாங்க."

நிஜாமுக்குக் காலும் விலாவும் மறந்துபோயின. ரம்ஷா பள்ளி விட்டதும் கேட்டில் நின்று கடைசிக் குழந்தை ஆட்டோ ஏறும்வரை பார்ப்பாள். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

சிரித்துவிடலாமா என்று நினைத்தான். நினைத்தான் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் இன்றைக்குச் சிரித்தால் அடுத்த வருடமும் அந்தப் பசங்கள் கேட்டில் நிற்பார்கள். இந்த முகம் திறக்கும் வரைக்கும் ரம்ஷாவுக்குப் பின்னால் யாராவது நின்றுகொண்டேதான் இருப்பார்கள். இந்த முகம் இல்லாவிட்டால்? அப்போது அவளை வைத்து அவர்கள் எதைத் திறப்பார்கள்?

"சரி," என்றான் நிஜாம். "செஞ்சு தர்றேன். தொண்டை வறண்டு போச்சு. கொஞ்சம் தண்ணி."

பாலுசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. முகமே மாறிவிட்டது மனிதருக்கு. "அட, வந்தவிங்களுக்கு ஒரு சொம்பு தண்ணி குடுக்கலையேப்பா. நேரா கட்டி வெச்சுப்போட்டமே."

கண்ணையா மூலையில் கிடந்த பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து, நிஜாமின் வாயில் வைக்கப் போனான்.

"வெய்யுடா அதைக் கீழ. பாட்டில்ல புகட்டறதுக்கு அவரென்ன கன்னுக்குட்டியா? கைய அவுத்து உடு. அவரா வாங்கிக் குடிக்கட்டும்." கதவைப் பாதி திறந்து தறிப்பக்கம் குரல் கொடுத்தார். "கண்ணு, ஊட்டுக்குள்ள இருந்து பித்தளைச் சொம்புல தண்ணி கொண்டா."

கொண்டுவந்தவள் சண்முகப்பிரியா. தலையில் அதே பஞ்சு. கட்டு அவிழ்ந்த கைகளையும், வீங்கிக் கறுத்த பாதத்தையும், அப்புறம் முகத்தையும் பார்த்தாள். அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நிஜாம் அவளை முன்பின் பார்த்திராதவன் மாதிரி சொம்பை வாங்கினான். "போ கண்ணு, தறியப் பாரு," என்று பாலுசாமி அவளை அனுப்பினார்.

பழைய காலத்துச் சொம்பு. நிறைந்திருந்ததால் நல்ல கனம். நிஜாம் இரண்டு கைகளாலும் அதை முகத்துக்கு நேராகத் தூக்கினான். எல்லோரும் அவன் குடிப்பதற்காகக் காத்திருந்தார்கள். குடிக்கிறவரைத் தொந்தரவு செய்யாத ஆட்கள்.

அவன் குடிக்கவில்லை. சொம்பின் அடிப்பாகத்தைத் திருப்பித் தன் மூக்கின்மேல் முழுப் பலத்தோடு இடித்துக்கொண்டான். எலும்பு உடைந்தது. கை தளர்வதற்குள் இரண்டாவது தடவை இடது கண்மேல் இடித்தான். உள்ளே ஒரு வெளிச்சம் வெடித்து அணைந்தது. மூன்றாவது தடவை வாயில். பற்கள் நாக்கின் மேல் உதிர்ந்தன. கண்ணையா பாய்ந்து சொம்பைப் பிடுங்குவதற்குள் தண்ணீரும் ரத்தமுமாகச் சட்டை நனைந்து தொங்கியது. ஆரிஃப் நூல் மூட்டைமேல் வாந்தி எடுத்தான்.

"போனை வை. மூஞ்சிக்கு நேரா வை," என்று கத்தினார் பாலுசாமி.

கண்ணையா நிஜாமின் முடியைப் பிடித்து நிமிர்த்தி, போனை நீட்டினான். திரையில் எழுத்து வந்தது. முகம் பொருந்தவில்லை. துண்டால் துடைத்துவிட்டு இன்னொரு தடவை நீட்டினான். முகம் பொருந்தவில்லை.

அதுவரை ஒட்டிக்கொண்டிருந்த 'ங்க' அப்போது கழன்று விழுந்தது. "டேய் நாயே, என்னடா பண்ணித் தொலச்சே," என்று கட்டையைப் பிடுங்கிப் பாலுசாமியே அடித்தார். தோளில், கழுத்தில், தடுக்கத் தூக்கிய கையில். நாற்காலி சாய்ந்து நிஜாம் தரையில் விழுந்த பிறகும் அடித்தார். அந்த அடிகளுக்கு நடுவே, கண்ணையா யாருக்கோ போனில் பேசுவது நிஜாமுக்குக் கேட்டது.

"இனி அங்க என்னத்துக்குடா நிக்கறீங்க? வேலைக்காகாது. கெளம்பி வாங்க."

ரம்ஷாவுக்குப் பின்னால் இப்போது யாரும் இல்லை. நிஜாம் அதன்பிறகு கையைத் தூக்கித் தடுக்கவில்லை.

திடீரென்று தறிகள் நின்றன. ஒன்றிரண்டல்ல, மொத்தமும். அந்த அமைதியில் கட்டை சதையில் விழும் சத்தம் தோட்டம் தாண்டிக் கேட்டிருக்கும். கதவு முழுசாகத் திறந்தது. மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு வந்த சண்முகப்பிரியா முன்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் தறிக்காரப் பெண்கள் எல்லோரும் நின்றார்கள்.

அத்தனை பேரைப் பார்த்ததும் பாலுசாமி கட்டையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். 'ங்க' தானாகத் திரும்பி வந்தது. "ஒண்ணுமில்லீங்க. நீங்க போய் வேலையப் பாருங்க."

"பி.எஃப்.புன்னு சொல்லி எங்க மூஞ்சியப் புடிச்சீங்களே, அதுக்குத்தானுங்க இவர அடிக்கறீங்க," என்றாள் சண்முகப்பிரியா. வாசலை விட்டு நகரவில்லை. "நாந்தானுங்க சொன்னேன் இவர்கிட்ட. என்னை அடிங்க."

கண்ணையா ஓர் அடி முன்னால் வைத்தான். பெண்கள் யாரும் வழிவிடவில்லை. ஒருத்தி ஏற்கெனவே போலீசுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். ஆரிஃப் பின்கதவு வழியாகக் காருக்கு ஓடினான்.

நிஜாம் பிழைத்தான். இடது கண் பிழைக்கவில்லை. மூக்கு ஒரு பக்கமாகக் கோணி நின்றது. பாலுசாமியும் கண்ணையாவும் ஆரிஃபும் உள்ளே போனார்கள். பேய் மாணவர்கள் அத்தனை பேரும் நீக்கப்பட்டார்கள். புது முகத்தைப் பதிவு செய்துகொண்டு அவன் வேலைக்குத் திரும்பியபோது அலுவலகத்தில் ஒருவரும் அவனை நேராகப் பார்க்கவில்லை. வீட்டில் கண்ணாடியை ரம்ஷா கழற்றி வைத்திருந்தாள். அவன் கேட்கவும் இல்லை.

நிலுவையில் இருந்த முதல் பெயர் சண்முகப்பிரியா. வீடியோவில் கூப்பிட்டான். தன் பக்கத்துக் கேமராவை அணைத்து வைத்தான்.

"தலையைத் திருப்பும்மா," என்றான். திருப்பினாள். "கண்ணைச் சிமிட்டு." சிமிட்டினாள். "இப்ப சிரிம்மா. முடிஞ்சுது."

அவள் சிரிக்கவில்லை. கறுப்பாகக் கிடந்த சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், கேமராவப் போடுங்க."

"என் மூஞ்சி எதுக்கும்மா? உன் சரிபார்ப்புத்தானே."

"யாரோட பேசறேன்னு தெரியாம நான் சிரிக்க மாட்டேனுங்க."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தறிகளின் சத்தம் மட்டும் கேட்டது. அவள் அவசரப்படுத்தவில்லை. அவன் கேமராவைப் போட்டான்.