கடையில் இருந்த அம்மா

வீடியோ கேம் செய்வதற்கு முதலில் என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால், சண்டை போடத் தெம்பு வேண்டும் என்பாள் தக்ஷிகா. மழை தொடங்கிய நாளிலிருந்து அவளும் திலக்ஷனும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். நானுஓயா கடைத்தெருவில் திலக்ஷனின் அப்பா நடத்தும் மளிகைக் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. அங்கே இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மேசை, கீழேயிருந்து படியேறி வரும் கருவாட்டு வாசம். அதுதான் கம்பெனி. ஹட்டனில் ஒன்றாகப் படித்து முடித்த இருவரும் வேறு வேலை தேடாமல் இதில் வந்து விழுந்ததைப் பற்றிக் கடைத்தெருவில் ஆளாளுக்கு ஒரு கருத்து இருந்தது. நல்ல கருத்து ஒன்றுகூட இல்லை.

விளையாட்டின் கதை எளியது. மூடுபனி இறங்கிய தேயிலை மலையில் ஒரு பெண் தனியாக மாட்டிக்கொள்கிறாள். முதுகில் கொழுந்துக் கூடை. வழி கண்டுபிடித்து, கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு அவள் வந்து சேர வேண்டும். முதல் பகுதியைச் செய்து கொழும்பில் நடக்கும் ஒரு போட்டிக்கு அனுப்பினால், தேர்வாகிறவர்களுக்கு ஒரு வருடம் ஆதரவு கிடைக்கும். தேர்வாகாவிட்டால் கொழும்புத் துணிக்கடை ஒன்றில் பில் போடும் வேலைக்குப் போய்விடுவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தாள் தக்ஷிகா. சொன்ன சொல்லை அம்மா மறக்கிற ஆள் இல்லை.

சண்டை எல்லாம் எஞ்சின் பற்றி. கேம் எஞ்சின் என்றால் மண்ணைக் குழைத்துச் சுவர் எழுப்புவதிலிருந்து தொடங்காமல் வெளிச்சம், நடை, விழுகை, மோதல் எல்லாவற்றையும் முன்னாலேயே செய்து வைத்திருக்கும் மென்பொருள். அதன்மேல் நம் விளையாட்டைக் கட்டிக்கொள்ளலாம். ஒன்றில் கட்டத் தொடங்கிவிட்டால் பாதியில் இன்னொன்றுக்கு மாறுவது கல்யாணம் முடிந்தபின் மாப்பிள்ளையை மாற்றுகிற கதைதான். அதனால் முதலிலேயே தெரிந்தெடுத்துவிட வேண்டும்.

இவர்கள் முன்னால் இரண்டு எஞ்சின்கள் இருந்தன. இரண்டுக்கும் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். ஒன்று 'தொரை', தோட்டத்தை ஆளும் பெரிய அதிகாரியின் பேர். வெளிநாட்டுப் பெரிய கம்பெனியுடையது. பனி என்றால் பனி, மழை என்றால் மழை, சொடுக்கினால் வந்து நிற்கும். கூடவே ஒரு கடையும் உண்டு. மரம், வீடு, மனிதர் என்று எவரெவரோ செய்து வைத்ததை அங்கே வாங்கலாம். வாங்கியதைத் தொரையின் எஞ்சினில் மட்டும்தான் ஓட்டலாம். சட்டமெல்லாம் கம்பெனி எழுதும், சம்மதம் என்று அழுத்துவது நம் வேலை. மற்றதன் பெயர் 'லயம்', தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு. உலகத்தில் யார் யாரோ கூடி இலவசமாகக் கட்டியது. சுவரை இடிக்கலாம், இஸ்தோப்புத் திண்ணையை நீட்டலாம், ஏனென்று கேட்க ஆளில்லை. ஒழுகினால் தகரமும் நாமேதான் போட வேண்டும்.

திலக்ஷன் தொரைக் கட்சி. தக்ஷிகா லயக் கட்சி. ஆனால் அவள் கட்சிக்கு ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கூடை சுமக்கும் அந்தப் பெண்ணை அவளால் செய்ய முடியவில்லை. செய்ததெல்லாம் துணிக்கடை வாசலில் நிற்கும் பொம்மைக்குக் கூடை மாட்டியது போலவே வந்தது.

அவளுக்கு வேண்டியது அம்மாதான். அம்மா பூரணி ரயில் பாதைக்கு மேலே உள்ள மலையில் கொழுந்தெடுக்கிறவள். அம்மாவை நிற்க வைத்து, சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தால் அதிலிருந்து ஒரு உருவத்தை எழுப்பிவிடலாம். ஆனால் அம்மா நின்றால்தானே.

"போடி, வேல கெடக்கு," என்பாள் பூரணி. "நிக்க வச்சி என்னத்தப் பாக்கப் போற? பொறந்ததுலருந்து என்னயத்தானே பாத்துக்கிட்டு இருக்க."

அந்தச் சனிக்கிழமை தக்ஷிகா படியேறி வரும்போதே திலக்ஷன் நாற்காலியில் இருப்புக் கொள்ளாமல் இருந்தான்.

"தக்ஷி, இங்க வா. நம்ம சண்ட முடிஞ்சிருச்சு. தொர கடையில என்னா இருக்குன்னு பாரு. தேயிலத் தோட்டம்! மல, செடி, லயம், கூட, எல்லாம் ஒரே கட்டா வச்சிருக்கான். கொழுந்தெடுக்குற பொம்பளையும் இருக்கு. கரும்பு தின்னக் கூலியா?"

தக்ஷிகா வேண்டாவெறுப்பாகத்தான் குனிந்தாள். திரையில் கட்டைவிரல் அளவில் ஒரு பெண் கூடையோடு நின்றாள். கீழே 'தேயிலைப் பெண், நடுத்தர வயது, உண்மையான மனிதரிலிருந்து எடுத்தது' என்று ஆங்கிலத்தில் எழுதி விலை போட்டிருந்தது. நன்றாகத்தான் செய்திருக்கிறான் என்று பொறாமை வந்தது. படத்தைப் பெரிதாக்கி மவுஸால் மெல்லத் திருப்பினாள்.

இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி தெறித்துப் பட்டது. கறை ஏறிய கட்டைவிரல். ஒருபோதும் நேராக நிமிராத வலது சுண்டுவிரல். மூக்குத்தியின் மூன்று கல்லில் ஒன்று விழுந்து, அந்த இடம் குழியாக இருந்தது.

தக்ஷிகாவின் கை மவுஸிலிருந்து தானாக விலகியது. கீழே கடையில் யாரோ பருப்பு நிறுக்கச் சொல்வது எங்கோ தூரத்தில் கேட்டது.

"என்னா தக்ஷி? நல்லா இல்லயா?"

"எங்கம்மாடா," என்றாள். மறுபடி சொன்னாள். "டேய், இது எங்கம்மாடா!"

திலக்ஷன் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். திரையைப் பார்த்தான். எத்தனையோ முறை அவன் சோறு வாங்கித் தின்ற கை அது. "அய்யோ, அத்த!" என்று எழுந்தேவிட்டான்.

பொத்தானை அழுத்தினால் அம்மா நடந்தாள். இன்னொன்றை அழுத்தினால் கொழுந்து பறித்தாள். இன்னொன்றுக்குத் தலைத்துண்டு மறைந்தது. துண்டுக்குக் கீழே கன்னங்கரேலென்று அடர்ந்த கூந்தல், நடுவகிடு எடுத்து வாரியிருந்தது. அடுத்த பொத்தானுக்கு அம்மா வாயைத் திறந்துகொண்டு, கைகளைத் தூக்கி அலறி, மல்லாந்து விழுந்து செத்தாள். தக்ஷிகா அந்தப் பொத்தானைத் தெரியாமல்தான் அழுத்தினாள். அம்மா எழுந்து மறுபடி செத்தாள். நிறுத்தும்வரை செத்துக்கொண்டே இருந்தாள்.

கீழே, இந்தப் பொம்மையை வாங்கியவர்கள் தங்கள் விளையாட்டுகளின் காணொளிகளைப் போட்டிருந்தார்கள். திலக்ஷன் வேண்டாம் என்றான். அவள் கேட்கவில்லை. முதல் காணொளியில் இருட்டான ஒரு தெரு. பிணங்கள் எழுந்து நடந்து வருகின்றன. கூட்டத்தில் ஒன்று அம்மா. முதுகில் கூடை, பாதி முகம் அழுகியிருந்தது, புருவத் தழும்பு மட்டும் அப்படியே இருந்தது. விளையாடுகிறவன் துப்பாக்கியால் அம்மாவின் நெற்றியில் சுட்டான். சுட்டவனுக்கு எண்கள் ஏறின.

தக்ஷிகா வாயைப் பொத்திக்கொண்டு சன்னலோரம் ஓடினாள். அவளுடைய அம்மா இந்நேரம் மலையில் நனைந்துகொண்டு கொழுந்தெடுத்துக்கொண்டிருப்பாள். உலகத்தில் எவனெவனோ அவளைச் சுட்டு விளையாடிக்கொண்டிருக்கிறான்.

திலக்ஷன்தான் முறைப்பாட்டுப் பொத்தானைத் தேடி எழுதினான். இது என் தோழியின் தாய், அனுமதி பெறவில்லை, எடுத்துவிடுங்கள் என்று. கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. மனிதர் எழுதியது இல்லை, இயந்திரம் எழுதியது. 'இந்த முகத்தின் உரிமையாளர் நீங்கள்தான் என்பதற்கான ஆதாரத்தை இணைக்கவும்.' குதிரை குப்புறத் தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம். முகத்துக்கு ஆதாரம் முகம்தான், வேறென்னத்தை இணைப்பது என்று திலக்ஷன் திரையைப் பார்த்துக் கத்தினான்.

பிறகு அவனே தலையைச் சொறிந்துகொண்டு மெதுவாகச் சொன்னான். "கோவிச்சுக்காத தக்ஷி. நாம இத வாங்கிட்டா, நம்ம விளையாட்டுலயாச்சும் அத்த ஒழுங்கா இருப்பாங்க. சாக மாட்டாங்க. போட்டிக்கும் நேரத்துக்கு அனுப்பிறலாம். தொர எஞ்சின எடுத்தா போதும்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

பூரணி வேலை முடிந்து வந்து, நனையாமலிருக்க இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து உதறிக்கொண்டிருந்தாள். குளிருக்குத் தலையில் எப்போதும் போலத் துண்டு. தக்ஷிகா இஸ்தோப்பில் கணினியைத் திறந்து வைத்தாள். பிணக் காணொளியைக் காட்டவில்லை. பொம்மையை மட்டும் காட்டினாள்.

"அட, நானு!" பூரணி வாய்விட்டுச் சிரித்தாள். "இது எப்புடி இதுக்குள்ள வந்துச்சு?"

"ஒங்கள யாரும்மா படம் புடிச்சது?"

"தெனம் ரயில்ல வந்து எறங்குற வெள்ளக்காரங்க புடிக்கிறாங்க. யாருன்னு சொல்றது?" கொஞ்சம் யோசித்தாள். "ஆங், ஒரு தடவ ஒரு பயலும் புள்ளையும் வந்தாங்க. நீ ஏ-லெவல் பரீட்ச எழுதுன வருசம். ரெண்டு பேரும் கையில போன வச்சிக்கிட்டு என்னயச் சுத்திச் சுத்தி வந்தாங்க, கோயில்ல சாமிய சுத்துற மாதிரி. கண்ணு சிமிட்டாத, ஆடாதன்னு கூட வந்த கைடு மாத்தயா சொன்னாரு. எங்க வேலயப் பாத்துக்குற கண்டாக்கய்யாவும் நில்லுன்னாரு. எனக்கு ஒரே சிரிப்பு. அடக்கிக்கிட்டு நின்னேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு நெற செடி எடுத்து முடியுற மட்டும். மத்தவளுக எல்லாம் மேல ஏறிப் போயிட்டாளுக."

பெற்ற மகளுக்கு நிற்க நேரமில்லாத அம்மா, ஊர் பேர் தெரியாத இருவருக்கு இமைக்காமல் நின்றிருக்கிறாள். கோபம் யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

"சும்மாவா நின்னீங்க?" என்றாள்.

"சும்மா இல்லடி. டின்னுல சாக்லட் குடுத்தாங்களே. நீதானே பூராவும் தின்ன."

தக்ஷிகா திடுக்கிட்டுத் தன் பையைப் பார்த்தாள். அந்த டின் அதற்குள்தான் இருந்தது. மூடியில் பனிமலை போட்ட நீல டின். மெமரி கார்டு, வயர் எல்லாவற்றையும் அத்தனை காலமும் அவள் அதில்தான் போட்டு வைத்திருந்தாள். செய்த கேமெல்லாம் அதற்குள்தான். அம்மாவை விற்ற விலை அவள் வயிற்றுக்குள் போயிருந்தது, டின் மட்டும் மிச்சம்.

பூரணிக்கு அதெல்லாம் தெரியாது. திரையில் நின்ற தன்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ என்னெல்லாம் செய்வா?"

"நடப்பா. கொழுந்தெடுப்பா. ஓடுவா." தக்ஷிகாவின் விரல் அந்தக் கடைசிப் பொத்தானைத் தொடாமல் விலகியது. "விழுவா."

"உக்கார மாட்டாளா?"

தக்ஷிகா பொத்தான் எல்லாவற்றையும் தேடினாள். உட்கார ஒரு பொத்தான் இல்லை. "இல்லம்மா," என்றாள்.

"இதுலயுமா?" என்று பூரணி மறுபடி சிரித்தாள். இந்தச் சிரிப்பு முன்னதைவிடச் சின்னதாக இருந்தது. "சரி, ஒன் கேமுல இவ வருவாளா?"

"காசு குடுத்து வாங்கினா வருவா. திலக்ஷன் வாங்கச் சொல்றான்."

பூரணி மகளை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னயவா? ஏன்டி, நான் இங்கின குத்துக்கல்லாட்டம் இருக்கேன். என்னயப் போயி எவன்கிட்டயோ காசு குடுத்து வாங்கப் போறியா?"

அந்தக் கேள்விக்குப் பிறகு யோசிக்க ஒன்றுமில்லை. தக்ஷிகா அங்கேயே நின்று திலக்ஷனுக்கு அழைப்பெடுத்தாள். "தொர வேணாம்டா. லயத்துலயே கட்டுவோம். பனி ஒழுங்கா வராட்டி வராமப் போகட்டும். போட்டிக்குப் பிந்தினா நான் துணிக்கடைக்கே போறேன். எங்கம்மாவ நான் வாங்க மாட்டேன்." "சரி, அப்ப பொம்மைய யாரு செய்யிறது?" என்று கேட்டான் திலக்ஷன்.

அதற்குள் பின்னாலிருந்து பூரணி குரல் கொடுத்தாள். "ஏ புள்ள, போன வையி. வெளிச்சம் போறதுக்குள்ள வந்து சுத்து."

திரும்பிப் பார்த்தாள். அம்மா இஸ்தோப்புப் படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. அதற்கும் அவள் எழவில்லை.

"நிக்க மாட்டேன், சொல்லிட்டேன். உக்காந்துதான் இருப்பேன். அவனுகளுக்கு நின்னது போதும்," என்றாள் பூரணி. சொல்லிக்கொண்டே தலைத்துண்டை அவிழ்த்து மடியில் போட்டாள். "இதையும் எடுத்துர்றேன். அவனுகளுக்கு எடுக்கல."

தக்ஷிகா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றத் தொடங்கினாள். தழும்பு, மூக்குத்தி, மடியில் கிடந்த சுண்டுவிரல். பக்கவாட்டில் காது. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த கன்னம். படியேறி அம்மாவின் பின்னால் வந்து, மேலேயிருந்து போனைச் சாய்த்தாள்.

உச்சந்தலையின் குறுக்கே, ஒரு காதின் மேலிருந்து மறு காதின் மேல்வரை, இரண்டு விரல் அகலத்துக்கு முடியே இல்லை. முதுகுக் கூடையின் பாரத்தைத் தாங்கும் கயிறு தலையில் கிடக்கும் இடம். வெறும் தோல் கறுத்துக் காய்ப்பேறி, மண்டை அங்கே பள்ளமாக உள்வாங்கியிருந்தது. ஒரு விரலை வைத்தால் பதிந்து நிற்கும் அளவுக்குப் பள்ளம்.

ஒரே அறையான காம்பராவில் இத்தனை வருடம் படுத்து எழுந்தவள் அவள். அம்மா தலை காயவைத்ததைப் பார்த்திருக்கிறாள், எண்ணெய் வைத்ததைப் பார்த்திருக்கிறாள். இதைக் கவனித்ததே இல்லை. கடைப் பொம்மையின் அடர்ந்த கூந்தலைப் பார்த்தபோதுகூட அது தப்பு என்று அவளுக்குத் தோன்றவில்லை. சுற்றுவதை நிறுத்திவிட்டாள்.

"என்னாடி நின்னுட்ட?" பூரணி திரும்பாமல், ஆடாமல், கண்ணைக்கூடச் சிமிட்டாமல் கேட்டாள். "சுத்து."