பெட்ரோலுக்குப் பிறந்த வீட்டுக் கோடி

ஆடி பிறந்த அன்று பக்கத்து வீட்டு ஞானசிகாமணி வாத்தியார் காற்றாலை ஆனார். எங்கள் ஊர் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் இருக்கிறது. அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மனைவி மட்டும், "மொட்டை மாடில போய் நிக்காதீயன்னு சொன்னேன், கேக்கல்ல," என்றாள்.

அதற்கு முன்பே பெட்ரோல் வருவது நின்றிருந்தது. ஊர்கள் நகரத் தொடங்கின. தோவாளை பூச்சந்தை எங்கள் தெரு முனையில் வந்து உட்கார்ந்தது. வடசேரி சந்தை பாதி வழி வந்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தது. சென்னை விலகிப் போனது. அங்கிருந்து என் மகன் பேசினால் குரல் மறுநாள்தான் வந்து சேரும். நேற்று அவன் கேட்ட "சாப்பிட்டீங்களாப்பா"வுக்கு இன்று பதில் சொல்லி வைப்பேன்.

தெருச் சங்கம் சமாளித்தது. வாத்தியார் சுற்றினால் பொதுக் கிணற்று மோட்டார் ஓடும். மாவு மில் ஓடும். அடுப்புக்குச் சாண வாயு. கத்தரியும் வெண்டையும் மாடிகளில் காய்த்தன. முருங்கைக்காய் மிஞ்சிய வீடு தேங்காய் மிஞ்சிய வீட்டில் பெண் எடுத்தது.

பிறகு வாத்தியார் நின்றுவிட்டார்.

"ஏன் சார் சுத்தல?" என்று கீழே நின்று கேட்டாள் சங்கச் செயலாளர் அற்புதமணி.

"பெட்ரோல் வாடை அடிக்கு. அது இருக்க வரைக்கும் நான் சுத்த மாட்டேன்."

தெரு முழுவதும் என் வீட்டைப் பார்த்தது.

என் வீட்டு முன்னறையில் தங்கபுஷ்பத்தின் மொபட் நின்றது. தங்கபுஷ்பம் என் மனைவி. போன ஐப்பசி வெள்ளத்தில் நாங்கள் இருவரும் ஒரே தென்னையைப் பிடித்தோம். விடிந்தபோது தென்னையில் நானும் மொபட்டும் இருந்தோம். அவள் கிடைக்கவில்லை. உடம்பு இல்லாமல் எதன்மேல் போர்த்துவது என்று அவள் அண்ணன்மார் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை கொண்டுவரவில்லை. பதினாறாம் நாளும் நடக்கவில்லை. எல்லோரும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள்.

வண்டி ஓட்டுவது அவள்தான். நான் பின்னால் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டு போவேன். தெரிந்தவர் யாராவது கூப்பிட்டால் திரும்புவேன். "திரும்பிப் பாக்காதீய, வண்டி ஆடுது," என்பாள். மழைக்கு முந்தைய நாள் அவள் போட்ட பெட்ரோல் இன்னும் கால்வாசி இருந்தது. காலையில் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பல் விளக்குவேன்.

அற்புதமணி வந்து மொபட்டின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"கொடுத்துருங்க அண்ணாச்சி."

"அது அவ போட்டது."

"தெரியும். கொடம் தூக்கித் தூக்கி தெருவுல ஒருத்திக்கும் இடுப்பு இல்ல."

"மண்ணுல ஊத்திரலாமா?"

"வேப்பமரம் பட்டுப்போகும்."

"எரிச்சா?"

"பொகைக்குச் சங்கத்துல தடை."

அவள் மொபட்டை வெகுநேரம் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "பெட்ரோல்னா என்ன அண்ணாச்சி? எந்தக் காலத்துலயோ செத்து மண்ணுக்குள்ள கெடந்த உசுருதானே. ஒண்ணுக்காவது யாராவது செய்முறை செஞ்சாங்களா? அதான் ஊர் ஊரா அலையுது. முறைப்படி எடுத்துருவோம். சாவு வீட்டுப் பொகைக்குத் தடை கெடையாது."

நான் மூடியைத் திறந்து முகர்ந்தேன். சரி என்றேன்.

சங்கம் கூடியது. சங்கு ஊத ஆள் இருந்தது. பூவுக்குத் தோவாளை முனையிலேயே இருந்தது. கோடியில்தான் சிக்கல் வந்தது. பெட்ரோலுக்குப் பிறந்த வீடு எது?

எல்லோரும் செல்லத்துரையைப் பார்த்தார்கள். அவன் குவைத்திலிருந்து திரும்பியவன்.

"நான் அங்க சமையல்லா பாத்தேன்," என்றான்.

"ஒரே ஊரு தானே."

"பெட்ரோலக் கண்ணால கூடப் பாத்ததில்லக்கா."

"சொந்தத்த மறைக்காதலே," என்றாள் அற்புதமணி. "சாவு வீட்டுல அது அசிங்கம்."

செல்லத்துரை போய்ச் சேலை எடுத்து வந்தான். வரும்போது அழுதுகொண்டே வந்தான். நடந்து வரும் வழியில் சொந்தம் ஞாபகம் வந்துவிட்டது என்றான். பெண்கள் அவனைப் பிடித்து உட்காரவைத்துக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள்.

மஞ்சள் சேலை. அரக்குக் கரை. தங்கபுஷ்பம் கடையில் எடுத்துப் பார்த்துவிட்டு விலையைக் கேட்டதும் மடித்து வைக்கும் வகை. அதை மொபட்டின் முன் இருக்கையில் போர்த்தினார்கள்.

"ஆத்தங்கரை வரைக்கும் ஓட்டித் தீர்த்துருங்க அண்ணாச்சி."

"எனக்கு ஓட்டத் தெரியாது. பின்னால உக்காரத்தான் தெரியும்."

"அது போதும்."

நான் பின்னால் உட்கார்ந்தேன். பழக்கத்தில் கையில் புத்தகம் இருந்தது. மொபட் இரண்டு தடவை இருமிவிட்டுக் கிளம்பியது. தெரு பின்னால் நடந்து வந்தது. சங்கு ஊதியது. செல்லத்துரையை இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள்.

ஆறு பக்கத்தில்தான். ஆனால் அன்று தெரு நீண்டுகொண்டே போனது. மாவு மில் ஏழெட்டு முறை வந்தது. பிள்ளையார் கோவில் வந்தது, மறுபடி வந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. நான் ஓர் அத்தியாயம் படித்து முடித்தேன். முன்னால் சேலை காற்றில் உப்பி என் முழங்காலில் பட்டுக்கொண்டிருந்தது.

ஆற்றங்கரையில் வண்டி நின்றது. அற்புதமணி மூடியைத் திறந்து மூக்கை வைத்தாள்.

"முடிஞ்சிட்டு," என்றாள்.

செல்லத்துரை ஓவென்று அழுதான். எனக்கும் அப்போதுதான் வந்தது. எல்லோரும் பெட்ரோலுக்கு என்று நினைத்து எனக்கு வழி விட்டார்கள்.

ஆற்றில் முங்கி எழுந்தோம். தூரத்தில் கூரைகளுக்கு மேலே வாத்தியாரின் இறக்கைகள் அசைந்தன. முதலில் ஒன்று, பிறகு மூன்றும். கிணற்று மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"வாங்க, போவோம்," என்றாள் அற்புதமணி. "யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது. அண்ணாச்சி, நீங்களும்தான்."

மொபட்டைக் கரையிலேயே விட்டுவிட்டு ஈரத்துணியோடு நடந்தோம். தெரு இப்போது சரியான நீளத்தில் இருந்தது. பாதித் தெருவுக்கு வந்தபோது பின்னால் மொபட் இரண்டு தடவை இருமியது. பிறகு கிளம்பியது.

எல்லோரும் நின்றோம். யாரும் திரும்பவில்லை.

அற்புதமணி முகத்தை நேராக வைத்துக்கொண்டு மேலே பார்த்துக் கத்தினாள். "சார், பொகை வருதா?"

வாத்தியார் உயரத்திலிருந்து எங்கள் தலைக்கு மேலாக ஆற்றங்கரையைப் பார்த்தார். இறக்கை ஒரு சுற்று நிதானித்தது.

"இல்ல," என்றார்.

"அப்பப் போகட்டும்."

சத்தம் கரையோரமாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கழுத்து வலித்தது. வண்டி ஆடிவிடக் கூடாது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.